‘கான்ஃபிகர்’ கேட்ட கேள்விகள்: பெர்ல் மொழியை மூலநிரலிலிருந்து கட்டிய வரலாறு

ஒரு நிரல்மொழியில் எழுதப்பட்ட கட்டளைகளைப் படித்து, பொருள் கண்டு, உடனுக்குடன் நிறைவேற்றும் மென்பொருளை இன்டர்பிரட்டர் என்பர். அதுவும் எவரோ எழுதிய ஒரு நிரல்தான். பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டிருக்கும் அதன் மூலநிரலை, கம்பைலர் எனப்படும் வேறொரு மென்பொருள் செயலிக்குரிய ஆணைகளாக மாற்றித் தந்த பிறகே அது ஓடத் தொடங்கும். எந்தக் கணினியில் அது ஓடப் போகிறதோ அதே கணினியில் அந்த மாற்றத்தையும் செய்து முடிப்பதற்கு ‘நேட்டிவ் பில்ட்’ என்று பெயர். இன்று ஆயத்தமான பொதியை இறக்கி நிறுவுவது வழக்கமாகிவிட்டது. 1980களிலும் 1990களிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் கணினிகளைப் பராமரித்தவர்கள், மூலநிரலைப் பெற்றுத் தத்தம் கணினியில் தாமே கட்டிக்கொண்டனர். அந்த வேலை முதல் முயற்சியிலேயே முடிவது அரிது. கம்பைலர் பாதியில் நின்றுவிடும், அல்லது கட்டி முடித்த இன்டர்பிரட்டர் தொடங்கிய நொடியிலேயே செயலிழக்கும், அல்லது எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றி ஒரு கணக்கை மட்டும் தவறாகப் போடும். அப்படி நேர்ந்த பழுதுகளின் காரணத்தை ஆராய்ந்தவர்கள் தாம் கண்டதை மூலநிரலுக்குள்ளேயே பதிந்து வைத்தனர். அந்தப் பதிவுகள் மிகுதியாகச் சேர்ந்திருப்பது பெர்ல் மொழியின் ‘கான்ஃபிகர்’ என்னும் நிரலில்.

அதன் தேவையை விளங்கிக்கொள்ளப் பெர்லுக்குப் பத்தாண்டு முன்னே செல்ல வேண்டும். யூனிக்ஸ் இயங்குதளமும் சி மொழியும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவானவை. 1973இல் யூனிக்ஸின் மையப் பகுதி சி மொழியில் திருப்பி எழுதப்பட்டபோதும், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி-11 என்னும் கணினிக் குடும்பமே அதன் இருப்பிடமாக நீடித்தது. 1977இல் ஸ்டீவ் ஜான்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதனை இன்டர்டேட்டா 8/32 என்னும் 32 பிட் கணினிக்குக் கொண்டு செல்ல முனைந்தனர். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் வல்லங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர், இவர்களைச் சாராமல், இன்டர்டேட்டா 7/32 கணினிக்கு யூனிக்ஸைக் கொண்டு சென்றார். இரண்டு பைட்டுகள் சேர்ந்த ஓர் எண்ணில் எந்தப் பைட்டு முதலில் நிற்கும் என்பதில் பிடிபி-11உம் இன்டர்டேட்டாவும் எதிரெதிரானவை. ஒன்றில் எழுதிய ‘யூனிக்ஸ்’ என்ற நான்கு ரோமன் எழுத்துகள் மற்றதில் இரண்டிரண்டாக இடம் மாறி ‘நக்ஸி’ என்று வரக்கூடும் என்பதால், பைட்டு வரிசை தொடர்பான தொல்லைகளுக்கு ‘நக்ஸி சிக்கல்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. எந்தச் செயலிக்கும் எளிதில் திருத்தி அமைக்கத்தக்க சி கம்பைலர் ஒன்றை ஜான்சன் எழுதினார். பிசிசி என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட அது 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு பல நிறுவனங்களின் கணினிகளுக்குச் சென்று சேர்ந்தது. பிசிசி எடுத்த சிறு முடிவுகள் பலவும் அந்தக் கணினிகளின் பொது வழக்கமாகிவிட்டன. அவற்றுள் ஒன்று, நாற்பதாண்டுக்குப் பின்னர் பெர்லைக் கட்டியவர்களைத் திகைக்க வைத்ததைப் பின்னால் காணலாம்.

இதே ஆய்வகத்தில் 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்னும் கருவியை எழுதினார். திருத்திய கோப்பு ஒன்றை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டு, ஏற்கெனவே சரிசெய்யப்பட்ட பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதை இழந்த ஜான்சன் அவரிடம் வந்து நொந்துகொண்டதே அதற்குத் தூண்டுதல் என்று ஃபெல்ட்மன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்பதை ஒரு பட்டியலில் எழுதிக் கொடுத்துவிட்டால், மாறியவற்றையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டும் மேக் மீண்டும் கட்டும். மூலநிரலிலிருந்து கட்டுதல் என்பது ஒரே கட்டளையாகச் சுருங்கியது இதனால்தான். ஆனால் ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பான நூலகங்களில் எது இந்தக் கணினியில் இருக்கிறது, அவற்றை அறிவிக்கும் தலைப்புக் கோப்புகளில் எது இல்லை என்பவற்றை மேக் அறியாது. அவற்றை யாரேனும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.

1980களில் அப்படி எழுதித் தருவது கடினமாயிற்று. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பிஎஸ்டி ஒரு கிளையாகவும், ஏடி அண்ட் டி நிறுவனம் 1983இல் வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் மற்றொரு கிளையாகவும் யூனிக்ஸ் பிரிந்தது. சன், ஹெச்பி, ஐபிஎம் முதலிய நிறுவனங்கள் இரண்டிலிருந்தும் வேண்டியவற்றை எடுத்துத் தமக்கென ஒவ்வொரு யூனிக்ஸை விற்றன. நினைவகத்தின் ஒரு பகுதியை மற்றொரு பகுதிக்குப் படியெடுக்கும் செயற்கூறுக்குப் பிஎஸ்டியில் ஒரு பெயர், சிஸ்டம் ஃபைவில் வேறொரு பெயர். உள்ளிடும் வரிசையும் வேறு. எண்களை எழுத்துவடிவில் அமைத்துத் தரும் ‘ஸ்பிரின்ட்எஃப்’ பிஎஸ்டியில் எழுத்துச் சரத்தின் முகவரியைத் திருப்பித் தந்தது. சிஸ்டம் ஃபைவில் எழுத்துகளின் எண்ணிக்கையைத் தந்தது. ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கும் இத்தகைய வேறுபாடே ஆபத்தானது. செயற்கூறு இல்லையென்றால், கம்பைல் செய்த துண்டுகளை ஒன்றுசேர்க்கும் இணைப்பியாவது குறை சொல்லும். இருந்தும் வேறு விதமாக நடந்துகொண்டால், கட்டுமானம் முழுவதும் ஒரு குறையும் காட்டாமல் முடிந்து, பழுது பயன்பாட்டின்போதுதான் வெளிப்படும்.

பின்னாளில் பெர்லை உருவாக்கிய லாரி வால் இந்தச் சூழலில் தம் நிரல்களை மற்றவர்களுக்கு வழங்கியவர். 1984இல் அவர் வெளியிட்ட ஆர்என் என்னும் செய்தி வாசிக்கும் நிரலோடு ‘கான்ஃபிகர்’ என்ற ஷெல் நிரலையும் சேர்த்துக் கொடுத்தார். ஷெல் என்பது பயனர் தட்டச்சு செய்யும் கட்டளைகளை ஏற்று நடத்தும் நிரல். எந்த யூனிக்ஸிலும் அது நிச்சயமாக இருக்கும். அக்காலத்தில் பிறர் வழங்கிய நிரல்களில், ‘உங்கள் கணினி பிஎஸ்டி என்றால் இந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள், சிஸ்டம் ஃபைவ் என்றால் அடுத்த வரியை வைத்துக்கொள்ளுங்கள்’ என்பது போன்ற குறிப்புகளே இருந்தன. கலவையாக விற்கப்பட்ட யூனிக்ஸ்களில் அந்தக் கேள்விக்கே சரியான விடை இல்லை. வால் கணினியின் பெயரைக் கேட்டு அறிவதைக் கைவிட்டு, அதனால் என்னென்ன இயலும் என்பதைச் செய்து பார்த்து அறியும் வழியை எடுத்தார். ஐந்தாறு வரிகள் கொண்ட சின்னஞ்சிறு சி நிரலைக் கான்ஃபிகரே எழுதி, கம்பைல் செய்து, ஓட்டி, விளைவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும். இது நிரலாக்கத்தின் வரலாற்றில் உரிய மதிப்பைப் பெறாத ஒரு பெரிய கண்டுபிடிப்பு. நேட்டிவ் பில்ட் என்ற முறைக்கு அடிப்படை நியாயமும் இதில்தான் இருக்கிறது: ஓடவிருக்கும் கணினியிலேயே கட்டும்போதுதான் அந்தக் கணினியையே சாட்சியாக அழைத்து விசாரிக்க முடியும்.

1987 டிசம்பர் 18 அன்று பெர்லின் முதல் பதிப்பு கான்ஃபிகரோடு வெளிவந்தது. யூஸ்நெட் என்னும் செய்திக்குழு வலை வழியாகப் பத்துப் பகுதிகளாக அனுப்பப்பட்ட அந்த மூலநிரலில் ஏதேனும் ஒரு பகுதி வழியில் தொலைந்திருக்கக்கூடும் என்பதால், எல்லாக் கோப்புகளும் வந்து சேர்ந்தனவா என்பதைக் கான்ஃபிகர் தொடக்கத்திலேயே சரிபார்க்கும். அது ஐயுறும் மற்றொன்று தன்னை இயக்கிக்கொண்டிருக்கும் ஷெல். பழைய ஷெல்கள் சிலவற்றுக்கு வரியின் தொடக்கத்தில் இடும் குறிப்புக் குறி புரியாது. ஷெல்லுக்குள் செயற்கூறு எழுதும் வசதியும் எல்லா ஷெல்களிலும் இருந்ததில்லை. ஆகவே பல்லாயிரம் வரிகளாகப் பெருகிய பின்னும் மிகப் பழைய ஷெல்லுக்கும் புரியும் நடையிலேயே கான்ஃபிகர் எழுதப்பட்டு வந்தது. ஒரு கேள்வியைத் திரையில் எழுதி, அதே வரியில் விடைக்காகக் காத்திருக்க வேண்டுமானால், வரியை முறிக்காமல் எழுதும் வழி தெரிய வேண்டும். பிஎஸ்டியில் அதற்கு ஒரு குறி, சிஸ்டம் ஃபைவில் வேறொரு குறி. பயனரிடம் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே, கேள்வி கேட்கும் முறையைக் கான்ஃபிகர் சோதித்து அறிந்தாக வேண்டியிருந்தது.

பிறகு வரும் சோதனைகள் ஒவ்வொன்றும் எங்கோ, எவருடைய கணினியிலோ தோற்ற ஒரு கட்டுமானத்தின் சுவடு. பைட்டு வரிசையை அது ஓர் எண்ணாகக் குறிக்கும்: இன்டெல் செயலிகள் 1234 என்றும், சன் நிறுவனத்தின் பழைய கணினிகள் 4321 என்றும், பிடிபி-11 இரண்டுக்கும் நடுவே 3412 என்றும் விடை தரும். கழித்தல் குறியுடைய தசம எண்ணை, குறியற்ற முழு எண்ணாக மாற்றும்போது கம்பைலர் என்ன தருகிறது என்பது மற்றொரு சோதனை. கோப்பு வாசிப்பைப் பற்றிய சோதனை இவற்றிலும் நுட்பமானது. சி மொழியின் நூலகம் கோப்பிலிருந்து ஒரு பெரிய துண்டை நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் ஒவ்வோர் எழுத்தாகத் தரும். பெர்லோ விரைவுக்காக, அந்த நூலகத்தைக் கேளாமல் நினைவகத் துண்டுக்குள் நேரே கைவைத்து வரிகளை எடுத்தது. நூலகத்தின் உள்ளமைப்பு எதிர்பார்த்தபடி இருந்தால் மட்டுமே இது செல்லும்; ஆகவே அந்த அமைப்பு உண்மையில் அப்படித்தான் நடக்கிறதா என்பதைக் கான்ஃபிகர் ஓட்டிப் பார்த்து உறுதி செய்தது. 2002இல் வெளிவந்த 5.8 பதிப்பில் நிக் இங்-சிம்மன்ஸ் உருவாக்கிய பெர்லின் சொந்தக் கோப்பு அடுக்கு இடம்பெற்ற பிறகே இந்தச் சார்பு நீங்கியது.

கண்டறிந்தவை எல்லாம் ஒரே கோப்பில், ஷெல்லுக்குப் புரியும் வடிவில், பெயரும் மதிப்புமாக எழுதி வைக்கப்படும். மேக்குக்குரிய பட்டியலும் சி மொழிக்குரிய தலைப்புக் கோப்பும் அந்த ஒரே கோப்பிலிருந்தே உருவாக்கப்படுவதால், பழுதைத் தேடுபவர் பார்க்க வேண்டிய இடமும் ஒன்றே. கான்ஃபிகர் தவறான முடிவுக்கு வந்திருந்தால் அந்தக் கோப்பில் ஒரு வரியைத் திருத்திவிட்டு மீண்டும் கட்டலாம். கட்டி முடித்த பெர்லும் அந்தக் கோப்பின் சாரத்தைத் தனக்குள் சுமந்திருக்கும். பெர்ல் 5இல் ஒரு கட்டளை கொடுத்தால், எந்தக் கம்பைலரால், எந்த விருப்பங்களோடு, எந்த இயங்குதளத்தில் தான் கட்டப்பட்டது என்பதை அதுவே சொல்லும். தொலைவில் இருப்பவர் எழுதியனுப்பும் பழுதறிக்கை பயன்பட வேண்டுமானால் இது இல்லாமல் இயலாது.

சோதித்து அறிய முடியாத பழுதுகளும் இருந்தன. ஒரு நிறுவனத்தின் கம்பைலர் நிரலை விரைவாக ஓடச் செய்வதற்காக ஆணைகளைச் சுருக்கி மாற்றி அமைக்கும்போது, பெர்லின் மிகப் பெரிய கோப்பு ஒன்றில் மட்டும் தவறு செய்யும். இதைச் சிறு சோதனை நிரலால் கண்டுபிடிக்க முடியாது. கட்டித் தோற்றவர் சொன்னால்தான் தெரியும். 1991இல் வந்த பெர்ல் 4இல் இதற்கென ‘ஹின்ட்ஸ்’ என்ற தனிக் கோப்புறை இருந்தது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ், சன்ஓஎஸ், அல்ட்ரிக்ஸ், ஹெச்பி-யூஎக்ஸ் என்று இயங்குதளத்துக்கு ஒரு கோப்பாக, இன்ன கோப்பைக் கம்பைல் செய்யும்போது மட்டும் விரைவுபடுத்தும் விருப்பத்தை நீக்குக, இன்ன நூலகம் இருப்பதுபோலத் தோன்றினாலும் இணைக்க வேண்டாம் என்பவை போன்ற குறிப்புகள் அதில் சேர்ந்தன. இந்தக் குறிப்புகள் பெயரை நம்பி எழுதப்பட்டவை. கான்ஃபிகரின் சோதனைகளோ பெயரை நம்பாதவை. இரண்டும் முரண்படும்போது கான்ஃபிகர் உரக்கக் கூவி வேலையை நிறுத்தி, பரிந்துரைக்கப்பட்ட மதிப்பையே வைத்துக்கொள்ளலாமா என்று பயனரைக் கேட்கும். வெறுமனே என்டர் விசையை அழுத்தினால் பரிந்துரையே நிற்கும். முன்னோர் அனுபவத்துக்குக் கண்முன் கிடைத்த சாட்சியத்தைவிட ஒரு படி மேலான இடம் கொடுத்த இந்த ஏற்பாடு அந்தக் காலத்தில் பெரும்பாலும் நன்மையே செய்தது, ஏனெனில் குறிப்பை எழுதியவர் அதே கம்பைலரால் ஏற்கெனவே தோற்றவர். கம்பைலர்கள் மாறிய பின் நிலைமை வேறானது.

கட்டி முடித்ததும் ஓட்ட வேண்டிய சோதனைத் தொகுப்பு பெர்லின் முதல் பதிப்பிலேயே இருந்தது. இன்டர்பிரட்டர் சரியாகக் கட்டப்பட்டதா என்பதை அதே இன்டர்பிரட்டரைக் கொண்டு சோதிப்பதில் ஒரு தர்க்கச் சிக்கல் உண்டு: அளவுகோலே பிழையாக இருக்கலாம். வால் இதைப் படிநிலைகளால் தீர்த்தார். முதல் சில சோதனைகள் மொழியின் ஓரிரு கூறுகளை மட்டுமே பயன்படுத்தும்: ஒரு வரியை எழுத முடிகிறதா, ஒரு நிபந்தனை சரியான கிளைக்குச் செல்கிறதா என்பவை மட்டும். அவை தேறிய பிறகே, தேறிய கூறுகளை நம்பி அடுத்த நிலைச் சோதனைகள் எழுதப்பட்டன. ஒவ்வொரு சோதனையும் மொத்தம் எத்தனை வரவேண்டும் என்பதை முன்னரே அறிவித்து, ஒவ்வொன்றாக எண்ணிட்டு ‘ஓகே’ என்று எழுதும்; நடுவில் பெர்ல் செயலிழந்து போனாலும் எண்ணிக்கை குறைவதைக் கொண்டு அதைக் கண்டுகொள்ளலாம். இந்த எளிய வடிவம் பின்னாளில் ‘டேப்’ என்ற பெயரில் பிற மொழிகளுக்கும் பரவியது.

1994 அக்டோபரில் பெர்ல் 5 வந்தபோது கட்டுமானம் ஒரு படி சிக்கலானது. அதற்கு முன்பு ஆரக்கிள் தரவுத்தளத்தோடு பேச வேண்டுமானால் அதன் நூலகத்தைச் சேர்த்து ‘ஆராபெர்ல்’ என்றும், சைபேஸோடு பேச ‘சைப்பெர்ல்’ என்றும் தனித்தனி இன்டர்பிரட்டர்களைக் கட்ட வேண்டியிருந்தது. பெர்ல் 5, ஓடிக்கொண்டிருக்கும்போதே நீட்சிகளை ஏற்றிக்கொள்ளும் வசதியைத் தந்தது. இயங்குநிலை ஏற்றம் எனப்படும் இது இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபட்டது. சன் நிறுவனத்தின் வழியைப் பலர் பின்பற்றினாலும் ஹெச்பி-யூஎக்ஸ் தனக்கென ஒரு வழி வைத்திருந்தது, ஏஐஎக்ஸுக்கு அந்த வழியைப் போலச் செய்யும் ஒரு மாற்று எழுதப்பட்டது. நீட்சிகளைக் கட்டும் நிரல்கள் பெர்லிலேயே எழுதப்பட்டவை என்பதால், பெர்ல் இல்லாமல் பெர்லைக் கட்டி முடிக்க முடியாது என்ற சுழலும் ஏற்பட்டது. இதற்காகவே இயங்குநிலை ஏற்றம் இல்லாத ‘மினிபெர்ல்’ என்னும் சிறிய இன்டர்பிரட்டர் முதலில் கட்டப்பட்டு, அது மீதியைக் கட்ட உதவியது. ரூபி மொழியும் பிற்காலத்தில் ‘மினிரூபி’ என்று இதே வழியை எடுத்தது. பழுது தேடுபவருக்கு மினிபெர்ல் மற்றொரு பயனும் தந்தது: மினிபெர்ல் ஓடி முழுப் பெர்ல் ஓடாவிட்டால், குற்றம் மொழியின் மையத்தில் இல்லை, ஏற்றத்திலோ இணைப்பிலோ இருக்கிறது என்று கருதித் தேடும் எல்லையைப் பெரிதும் சுருக்கிக்கொள்ளலாம். பெர்லின் மையத்தைப் பகிர்நூலகமாகக் கட்டியவர்கள், புதிதாகக் கட்டிய பெர்ல் முன்பே நிறுவப்பட்டிருந்த பழைய பகிர்நூலகத்தை எடுத்துக்கொண்டு குழம்புவதைக் கண்டதும் இந்த வழியில்தான்.

இந்த அறிவுச் சேர்க்கையை ஒருவர் தனியே காக்க முடியவில்லை. பெர்ல் 5க்குப் பிறகு வெளியீட்டுப் பொறுப்பு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறியது. அந்தப் பொறுப்பை வைத்திருப்பவரைப் ‘பம்ப்கிங்’ என்றனர். ஓர் அலுவலகத்தில் ஒரே நாடாப் பதிவுக் கருவியைப் பலர் பகிர்ந்துகொண்டபோது, துணியால் செய்த பரங்கிக்காய் யாரிடம் இருக்கிறதோ அவரே கருவியைப் பயன்படுத்தலாம் என்று வைத்துக்கொண்ட ஏற்பாட்டிலிருந்து வந்த பெயர் அது. கான்ஃபிகரும் கையால் எழுதப்படும் நிலையைத் தாண்டியது. ஒவ்வொரு சோதனையும் தனி அலகாக எழுதி வைக்கப்பட, ‘மெட்டாகான்ஃபிக்’ என்னும் கருவி மூலநிரலைப் படித்து, அதில் எந்தெந்த விடைகள் தேவைப்படுகின்றன என்று பார்த்து, அந்த அலகுகளை உரிய வரிசையில் கோத்துக் கான்ஃபிகரை உருவாக்கியது. வால் தொடங்கிய இதனை ரஃபேல் மான்ஃப்ரெடி விரிவாக வளர்த்தார்.

கட்டற்ற மென்பொருளுக்கான குனூ திட்டத்தின் கருவிகளைப் பராமரித்த டேவிட் மெக்கென்சி 1991இல் தொடங்கிய ‘ஆட்டோகான்ஃப்’ இதே கொள்கையை வேறு வடிவில் செயல்படுத்தியது. கான்ஃபிகர் பயனரோடு உரையாடும். ஆட்டோகான்ஃப் உருவாக்கும் நிரலோ எதையும் கேளாமல் தானே சோதித்து முடிக்கும். பைத்தானும் ரூபியும் ஆட்டோகான்ஃப் வழியைத் தேர்ந்தன. பெரும்பாலோருக்கு எளிதானதும் அதுவே. எனினும், கேள்வி கேட்கும் கான்ஃபிகரின் முன் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர் தம் கணினியைப் பற்றிக் கற்றுக்கொண்டது மிகுதி. பைத்தானைக் கட்டுபவர் பலமுறை காண்பது, எல்லாம் முடிந்த பிறகு, தேவையான துணுக்குகள் கிடைக்காததால் இன்னின்ன நீட்சிகள் கட்டப்படவில்லை என்னும் பட்டியலை மட்டுமே. சுருக்கல், மறைகுறியாக்கம் முதலியவற்றுக்கான நூலகம் கணினியில் இருந்தும் அதன் தலைப்புக் கோப்புகள் தனிப் பொதியாக நிறுவப்படாமல் இருந்ததே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

யூனிக்ஸ் அல்லாத கணினிகளில் இந்த முறை முழுவதும் கால் ஊன்ற முடியவில்லை. விஎம்எஸ் இயங்குதளத்துக்கு அதன் சொந்தக் கட்டளை மொழியில் கான்ஃபிகர் மீண்டும் எழுதப்பட்டது. விண்டோஸிலோ கான்ஃபிகரை ஓட்டும் ஷெல்லே இல்லை. 1990களின் நடுவில் ஹிப் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம் விண்டோஸ் என்டிக்கென ஒரு பெர்லை உருவாக்கியது. அது பெர்லின் பொது மூலநிரலிலிருந்து பிரிந்த கிளை. 1997இல் வெளிவந்த 5.004 பதிப்பை அந்தப் பொது மூலநிரலிலிருந்தே விண்டோஸில் நேரடியாகக் கட்ட முடிந்தது. இரண்டு கிளைகளையும் ஒன்றாக்கி 1998இல் 5.005 வெளிவந்ததிலும், யூனிக்ஸின் ‘ஃபோர்க்’ செயலை விண்டோஸில் போலச்செய்யும் வசதி 2000இல் 5.6 பதிப்பில் வந்ததிலும் குருசாமி சாரதியின் பங்கு முதன்மையானது. சோதனை நிரல்கள் கண்டுபிடித்திருக்க வேண்டிய விடைகளை, மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு ஒன்று, போர்லண்டுக்கு ஒன்று, குனூவின் கம்பைலரான ஜிசிசிக்கு ஒன்று என மனிதர்களே எழுதிக் கோப்பாக வைத்தனர். அந்தக் கணினிகள் ஓரளவு ஒரே மாதிரியாக இருந்ததால்தான் இது செல்லுபடியாயிற்று. வேறொரு கணினியில் கட்டிக் கையடக்கக் கருவிக்குக் கொண்டு செல்ல விரும்பியவர்களுக்கும் இதே இடர் வந்தது: சோதனை நிரலைக் கட்டும் கணினியில் ஓட்டினால் கிடைப்பது அந்தக் கணினியைப் பற்றிய விடை. ஆகவே சோதனை நிரலை வலைப்பின்னல் வழியே இலக்குக் கருவிக்கு அனுப்பி, அங்கே ஓட்டி, விடையைத் திருப்பி வாங்கும் வசதி கான்ஃபிகரில் சேர்க்கப்பட்டது.

2010களில் பழைய யூனிக்ஸ்கள் பலவும் மறைந்து, பெரும்பாலும் லினக்ஸும் மேக்ஓஎஸும் எஞ்சியபோது கட்டுமானப் பழுதுகளின் தன்மை மாறியது. முன்பு ஒரே காலத்தில் வேறு வேறு கணினிகளுக்கு இடையே இருந்த வேறுபாடு, இப்போது ஒரே கணினியின் வேறு வேறு ஆண்டுகளுக்கு இடையே தோன்றியது. 2017இல் வந்த, லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.26 ஒரு தலைப்புக் கோப்பை நீக்கியதும், அதை எதிர்பார்த்திருந்த பெர்ல் பதிப்புகள் கட்டப்படாமல் நின்றன. ஈரிலக்க ஆண்டை நூற்றாண்டோடு பொருத்தும் சோதனை ஒன்று, 2020 பிறந்ததும், மூலநிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே பழைய பதிப்புகளில் தோற்றது. பொதுமாறிகளை இணைப்பி கையாளும் முறையிலும், அறிவிக்கப்படாத செயற்கூறுகளை அழைப்பதிலும் கம்பைலர்கள் கண்டிப்பு காட்டத் தொடங்கியதால், பழைய சோதனை நிரல்கள் கம்பைல் ஆகாமல் போயின. கம்பைல் ஆகாத சோதனையை, ‘அந்த வசதி இல்லை’ என்று படித்துக்கொள்வதே கட்டமைப்பு நிரல்களின் வழக்கம் என்பதால், இருக்கும் வசதியே இல்லாததாகக் கருதப்பட்டது.

இவை எல்லாவற்றினும் ஆழமான பழுது ஜிசிசி 10ஆல் வெளிப்பட்டது. 2020 மே மாதத்தில் அந்தக் கம்பைலர் வெளியாவதற்கு முன்னரே, ஃபெடோரா லினக்ஸின் பொதிகளை அதனால் கட்டிப் பார்த்தவர்கள் ஒரு பொதியின் சோதனைகள் தோற்பதைக் கண்டு, காரணத்தைத் தேடிப் பெர்லின் கான்ஃபிகருக்கு வந்து சேர்ந்தனர். ஜிசிசியின் பதிப்பு எண் 1 என்ற இலக்கத்தில் தொடங்கினால் ஒரு தனி விருப்பத்தைச் சேர்க்க வேண்டும் என்ற விதி கான்ஃபிகரில் பல்லாண்டுகளாக இருந்தது. 1980களின் இறுதியில் அது நியாயமானது. சில தரவுகளைத் தொகுத்து ஒரே அலகாகத் திருப்பித் தரும் செயற்கூறு, அந்த அலகைச் செயலியின் பதிவகங்களில் வைத்துத் தர வேண்டுமா, நினைவகத்தில் வைத்துத் தர வேண்டுமா என்பதில் ஜிசிசிக்கும் ஜான்சனின் பிசிசிக்கும் வழக்கம் வேறு. கணினியின் நூலகங்கள் பிசிசியின் வழக்கத்தில் கட்டப்பட்டிருந்ததால், ஜிசிசியையும் அவ்வழக்கத்துக்கு இணங்கச் செய்ய அந்த விருப்பம் தேவைப்பட்டது. பத்தாம் பதிப்பு வந்ததும் 10 என்ற எண்ணும் 1 என்ற இலக்கத்தில்தான் தொடங்குகிறது. கான்ஃபிகர் அதனை முப்பதாண்டுக்கு முந்தைய ஜிசிசி 1 என்றே எடுத்துக்கொண்டது.

கட்டுமானம் எந்தக் குறையும் சொல்லாமல் முடிந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பெர்லின் பகுதிகள் அனைத்தும் ஒரே விருப்பத்தோடு கம்பைல் ஆனதால் தமக்குள் ஒத்துப் பேசின. சாவியைக் கொடுத்தால் அதற்குரிய தரவைத் தரும் டிபிஎம் வகை நூலகத்தை அழைத்தபோதுதான் பிளவு தெரிந்தது. அந்த நூலகம் தரவின் முகவரியையும் அளவையும் ஒரே அலகாகத் திருப்பித் தருவது. இன்றைய வழக்கப்படி அதைப் பதிவகங்களில் வைத்துத் தந்தது, பெர்லோ நினைவகத்தில் தேடிப் பொருளற்ற முகவரியைப் பிடித்துக்கொண்டு செயலிழந்தது. பெயரையும் எண்ணையும் நம்பாமல் செய்து பார்த்து அறிவதற்காகவே எழுதப்பட்ட நிரலில், எண்ணை நம்பி வைத்திருந்த ஒரு வரி இத்தனை காலம் கழித்துப் பொய்த்தது. ஓர் அலகைத் திருப்பித் தரும் சிறு நூலகத்தையும் அதை அழைக்கும் நிரலையும் தனித்தனியே கம்பைல் செய்து ஓட்டிப் பார்த்திருந்தால், எந்தப் பதிப்பு எண்ணும் தேவைப்பட்டிருக்காது. அந்த விதி எழுதப்பட்ட காலத்தில் அதற்கான அவசியம் எவருக்கும் தோன்றவில்லை என்பதும் உண்மை.

திருத்தம் மிகச் சிறியது: 1 என்ற இலக்கத்தை அடுத்து ஒரு புள்ளியும் இருந்தால் மட்டுமே பழைய ஜிசிசி என்று கொள்ளுமாறு கான்ஃபிகரும் அதைச் சார்ந்த மற்றக் கோப்புகளும் மாற்றப்பட்டு, அடுத்து வந்த பெர்ல் வெளியீடுகளில் சேர்ந்தன. அதற்கு முன்பு வெளியான பதிப்புகளின் மூலநிரல் அப்படியே கிடக்கிறது. பழைய நிரல்களை ஓட்டும் தேவைக்காக அவற்றை இன்றைய கணினியில் கட்டுபவர்கள், கட்டத் தொடங்குவதற்கு முன் ‘பேட்ச்பெர்ல்’ என்னும் கருவியைக் கொண்டு, பிற்காலத்தில் கண்டறியப்பட்ட திருத்தங்களை அந்தப் பதிப்புக்கு ஏற்றவாறு மூலநிரலில் செலுத்திக்கொள்கின்றனர்.